டெல்டாவில் ஐசியூ மருத்துவர்: படிப்பிலிருந்து பிரிவுத் தலைமை வரை

கேள்வி இதுதான்: தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன் முடிக்கப் போகும் ஒருவர், சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். தீவிர சிகிச்சையில் மேற்படிப்பு படித்து, பிற்காலத்தில் டெல்டாவிலேயே ஒரு ஐசியூவைத் தலைமையேற்று நடத்த ஆசை. பாதை எப்படி இருக்கும், மூத்த மருத்துவரின் வேலை உண்மையில் என்ன என்று கேட்கிறார்.

முதலில் காலக்கணக்கைப் பார்த்துவிடுவோம். எம்பிபிஎஸ் நாலரை ஆண்டு, ஹவுஸ் சர்ஜன் ஓராண்டு, எம்டி மூன்று, அதற்கு மேல் டிஎம் அல்லது டிஆர்என்பி என்ற உயர்சிறப்புப் படிப்பு மூன்று. எங்கும் தடங்கல் இல்லாமல் போனால் பதினொன்றரை ஆண்டு. எம்டிக்கான நீட் பிஜி நுழைவுத் தேர்வுக்கு ஒரு வருடம், டிஎம்முக்கான நீட் எஸ்எஸ்ஸுக்கு ஒரு வருடம், அரசு ஒப்பந்தச் சேவைக்குக் கொஞ்சம் என்று நடுவில் கரைவது சகஜம். ஆக, முப்பது வயதைத் தாண்டித்தான் ஜூனியர் கன்சல்டன்ட்டாக உட்காருவீர்கள். ஒரு பிரிவைக் கையில் கொடுக்கும் அளவுக்கு முதிர இன்னும் எட்டுப் பத்து ஆண்டு ஆகும். இதை வீட்டில் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள். படிப்பு முடிந்துவிட்டது என்று அவர்கள் நினைக்கும் நேரத்தில்தான் உங்கள் வேலை தொடங்கும்.

எம்டியில் எதை எடுப்பது? மயக்கவியல், பொது மருத்துவம், நெஞ்சக நோய், அவசர மருத்துவம் ஆகியவற்றிலிருந்து கிரிட்டிக்கல் கேர், அதாவது தீவிர சிகிச்சை டிஎம்முக்குப் போகலாம். தகுதிப் பட்டியல் அவ்வப்போது மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் ஐசியூவுக்கு டிஎம் தனியாக இருக்கிறது. மயக்கவியலில் வந்தவருக்கு மூச்சுக்குழாயில் ட்யூப் போடுவது, வென்டிலேட்டர், நரம்பு வழி மருந்துகள் எல்லாம் கை வந்த கலையாக இருக்கும். ஆனால் மூன்றாம் நாள் காய்ச்சல் ஏன் குறையவில்லை என்று துருவுவதில் பழக்கம் குறைவாக இருக்கும். பொது மருத்துவத்தில் வந்தவருக்கு இது நேர்தலைகீழ். டெல்டாவுக்குத் திரும்பி வரப்போகிறீர்கள் என்பதால் என் தேர்வு பொது மருத்துவம். இங்கே ஐசியூவை நிரப்புவது பெரும்பாலும் விஷமும் பாம்புக்கடியும் காய்ச்சலும்தான். மூச்சுக்குழாய் விஷயத்தில் வரும் குறையை ஆறு மாதம் ஆபரேஷன் தியேட்டரில் காலை நேரங்களில் நின்று ஈடுகட்டிவிடலாம்.

அரசுப் பணி வழியை ஒதுக்கிவிடாதீர்கள். அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்ஆர்பி மூலம் உதவி மருத்துவராகச் சேர்ந்தால் பணியில் இருப்போருக்கான பிஜி ஒதுக்கீடு கிடைக்கும். 2020ல் போட்ட அரசாணையால் அரசுக் கல்லூரிகளின் உயர்சிறப்புப் படிப்பு இடங்களிலும் பணியில் உள்ளவர்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு வந்திருக்கிறது. இதற்கிடையே நாகப்பட்டினம், திருவாரூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் செலவாகும் ஆண்டுகள் வீண் போகாது. பிற்காலத்தில் உங்களுக்கு நோயாளியை அனுப்பப் போகிற இடம் எப்படி இயங்குகிறது, இரவில் அங்கே என்ன இருக்கும், என்ன இருக்காது என்பது அங்கே இருந்தவருக்குத்தான் தெரியும். இந்திய கிரிட்டிக்கல் கேர் சங்கம் எம்டிக்குப் பின் நடத்தும் சான்றிதழ்ப் பயிற்சிகள் தனியார் ஐசியூ வேலைக்கு நன்றாக உதவும். அரசுக் கல்லூரியில் ஆசிரியர் பணிக்கு டிஎம், டிஆர்என்பிதான் உறுதியான பிடி. ஐரோப்பிய டிப்ளமோ தேர்வை எழுதலாம், படிப்பை ஒழுங்குபடுத்தும். அதற்காக உள்ளூர்ப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். மூத்தவரின் வேலை என்ன என்பதை பூச்சிமருந்து குடித்து வந்த ஒரு நோயாளியை வைத்தே சொல்லிவிடலாம்.

ஆர்கனோபாஸ்பேட் வகை என்றால் அட்ரோபின்தான் உயிரைப் பிடித்து நிறுத்தும். நம்மிடம் உள்ள ஆம்பூல் ஒன்றில் 0.6 மில்லிகிராம். 3 மில்லிகிராமில் தொடங்கினால் 5 ஆம்பூல். 5 நிமிடம் கழித்து நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்க வேண்டும். கரகரப்பு குறையவில்லை என்றால் இரட்டிப்பாக 6 மில்லிகிராம், அடுத்த 5 நிமிடத்தில் 12. கால் மணி நேரத்துக்குள் 21 மில்லிகிராம், அதாவது 35 ஆம்பூல் உடைத்தாக வேண்டும். நுரையீரல் சத்தம் தெளிவாக வேண்டும், நாடி 80க்கு மேல், சிஸ்டாலிக் இரத்த அழுத்தம் 80க்கு மேல், அக்குள் உலர்ந்திருக்க வேண்டும். அதுவரை விடக்கூடாது. கண்மணி விரிந்ததை மட்டும் பார்த்து அளவை முடிவு செய்வது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. கண்ணில் பூச்சிமருந்து தெறித்திருந்தாலே அந்தக் கணக்கு தப்பிவிடும். அடங்கிய பிறகு, ஏற்றிய மொத்தத்தில் 10 முதல் 20 சதவீதத்தை ஒவ்வொரு மணி நேரமும் ஓடவிட வேண்டும். 21 மில்லிகிராம் ஏற்றியவருக்கு மணிக்கு 2 முதல் 4. நோயாளி பிதற்றினால், காய்ச்சல் ஏறினால், வயிற்றில் குடல் சத்தம் நின்றுபோனால் அட்ரோபின் அதிகமாகிவிட்டது என்று பொருள். கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுக் குறைந்த வேகத்தில் மீண்டும் தொடங்க வேண்டும்.

இதோடு முடியாது. முதல் நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் 24 முதல் 96 மணி நேரத்துக்குள் மூச்சுத் தசை தளர்ந்து போகலாம். இலங்கை மருத்துவர்கள் 1987ல் விவரித்த இடைநிலை நோய்க்கூறு இது. முதல் அடையாளம் கழுத்து. 4 மணி நேரத்துக்கு ஒருமுறை தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தால் போதும். தூக்க முடியவில்லை என்றால் ட்யூப் போடத் தயாராக வேண்டும். பல்ஸ் ஆக்சிமீட்டர் இறங்கும் வரை காத்திருந்தால் நேரம் போய்விட்டிருக்கும்.

இதையெல்லாம் படுக்கையருகே சரியாகச் செய்பவர் நல்ல தீவிர சிகிச்சை மருத்துவர். மூத்தவருக்கு இதற்கு மேல் ஒரு கேள்வி இருக்கிறது: தாலுகா மருத்துவமனையில் இரவு பத்து மணிக்கு அந்த 35 ஆம்பூல் இருந்ததா? ஸ்டோர் ரூம் பூட்டியிருந்து, அவசர அலமாரியில் பத்தே ஆம்பூல் இருந்தால், நோயாளி பாதி மருந்தோடு 108ல் ஏற்றப்பட்டு நுரை தள்ளியபடி உங்களிடம் வந்து சேருவார். அலமாரியில் குறைந்தபட்சம் எத்தனை இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, மருந்தாளுநரிடமும் இணை இயக்குநர் அலுவலகத்திலும் பேசி, மாதம் ஒருமுறை அதை எண்ணிப் பார்க்க வைப்பவர்தான் தலைவர். பிழைத்தவரை மனநல மருத்துவர் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்ற ஏற்பாடும் அவர் பொறுப்பு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தற்கொலைக்கு முயன்ற இவர்களைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது. வார்டில் யாரும் அவர்களைக் குத்திப் பேசாமல் பார்த்துக்கொள்வதும் சிகிச்சைதான்.

பாம்புக்கடியிலும் இதே கதை. கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் உறையாது. 20 நிமிடச் சோதனைக்கு ஆய்வகமே வேண்டாம். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பிளாஸ்டிக் குழாய் வைத்தாலோ, சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியை எடுத்தாலோ, நல்ல இரத்தமும் உறையாமல் நின்று, தேவையில்லாதவருக்கு விஷமுறிவு ஏறும். உறையவில்லை என்பது உறுதியானால் விஷமுறிவு மருந்து 10 குப்பி, 6 மணி நேரம் கழித்து மீண்டும் சோதனை. ஒவ்வாமைக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம் சிரிஞ்சில் ஏற்றி பக்கத்திலேயே இருக்க வேண்டும். அது தசையில் போடுவது. சிறுநீர் அளவை மணிக்கு மணி எழுதச் சொல்லுங்கள். சிறுநீரகம் படுத்துவிட்டதை அடுத்த நாள் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்வது தாமதம்.

கட்டு விரியன் வேறு விதம். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் தடம் பெரும்பாலும் தெரியாது, வீக்கமும் இராது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார்கள், இமை சரியும், பேச்சு குழறும், மூச்சு நிற்கும். வென்டிலேட்டரில் போட்ட பிறகு கண்மணி அசையாது, கை கால் அசையாது, பார்ப்பதற்கு மூளைச்சாவு மாதிரியே இருக்கும். உள்ளே மனிதர் முழு நினைவோடு கேட்டுக்கொண்டிருப்பார். இந்த நிலையில் நம்பிக்கையில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அது நாம் செய்த கொலை. சில நாள், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும், மெஷினில் வைத்துக் காப்பாற்றினால் எழுந்து நடந்து போவார்கள். அந்த நாட்களில் தூக்க மருந்து கொடுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, சளியை உறிஞ்சும் சக்ஷன் போடுங்கள். சிஸ்டர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தர வேண்டும்.

அரளி விதை அரைத்துக் குடித்து வருபவருக்கு இதயத்துடிப்பு இறங்கும்; பொட்டாசியம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும், தற்காலிக பேஸ்மேக்கர் போடத் தெரிந்திருக்க வேண்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு எலிக்காய்ச்சலும் டெங்குவும் வரும். மார்கழி, தை குளிரில் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற உண்ணிக்காய்ச்சல். விளங்காத காய்ச்சலோடு மூச்சுத்திணறல் வந்தவரின் உடம்பு முழுக்கத் துணியை விலக்கிப் பாருங்கள்: அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடி, அரைஞாண் கயிறு படும் இடம். சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு ஒன்று இருந்தால் நோய் கிடைத்துவிட்டது. வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்தி 2023ல் வெளியான ஆய்வு, கடுமையான ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது தனித்தனியே கொடுப்பதைவிட மேல் என்று காட்டியது. ஊசி வடிவ டாக்சிசைக்ளின் ஸ்டோரில் இருக்கிறதா என்பது மறுபடியும் உங்கள் தலையில் விழும்.

வென்டிலேட்டரில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். நடவுக்குப் போகும் பெண்மணி, உயரம் 150 சென்டிமீட்டர், நுரையீரல் கெட்டு வந்திருக்கிறார். மூச்சளவை, அதாவது மெஷின் ஒரு மூச்சுக்குத் தள்ளும் காற்றின் அளவை, உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடைக்குத்தான் வைக்க வேண்டும்: பெண்களுக்கு 45.5, அதோடு 152.4க்கு மேல் உள்ள ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 0.91 கூட்ட வேண்டும், கீழே இருந்தால் கழிக்க வேண்டும். இவருக்கு வருவது 43 கிலோ. கிலோவுக்கு 6 மில்லி என்றால் 260 மில்லி. மெஷினைத் திறந்தவுடன் 450, 500 என்று நிற்கும் அளவை அப்படியே விட்டால், அவருடைய நுரையீரலை ஒவ்வொரு மூச்சுக்கும் நாமே கிழித்துக்கொண்டிருப்போம். 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு இதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் பல ஐசியூக்களில் அளவு நாடா கிடைக்காது, கேஸ் ஷீட்டில் உயரம் எழுத இடமிருக்காது. ஒவ்வொரு பெட்டிலும் ஒரு நாடா கட்டுங்கள், உயரத்துக்கு நேராக மில்லி எழுதிய அட்டையை மெஷினில் ஒட்டுங்கள்.

அடுத்து சிஸ்டர்கள். ஐசியூ அவர்கள் கையில்தான் ஓடுகிறது என்பதை முழு மனதோடு சொல்கிறேன். பத்துப் பெட் ஐசியூ, அதில் நான்கு வென்டிலேட்டர் என்று வையுங்கள். வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒருவருக்கு ஒருவர், மற்ற ஆறு பேருக்கு இருவருக்கு ஒருவர். ஆக ஒரு ஷிஃப்டுக்கு 7 பேர், மூன்று ஷிஃப்டுக்கு 21, வார ஓய்வு, விடுப்பு, மகப்பேறு எல்லாம் சேர்த்து 30 சதவீதம் கூட்டினால் 27. இந்தக் கணக்கைப் போடாமல் பெட்டை மட்டும் கூட்டுவதுதான் பெரும்பாலான நிர்வாகங்கள் செய்வது. இரவில் நான்கு வென்டிலேட்டருக்கு ஒரு சிஸ்டர் என்று வந்துவிட்டால், ட்யூப் அடைத்ததை அலாரம் சொல்லும், போய்ப் பார்க்கத்தான் ஆள் இருக்காது. டியூட்டி டாக்டருக்கும் கணக்கு உண்டு. வாரத்துக்கு 168 மணி நேரம், ஒருவருக்கு 48 என்றால் மூன்றரை பேர். விடுப்போடு நான்கைந்து பேர் இல்லாமல் ஓர் இடத்தை இருபத்து நான்கு மணி நேரமும் நிரப்ப முடியாது.

எண்ணிக்கை கிடைத்தாலும் ஆறு மாதத்தில் இன்னொரு சிக்கல் வரும். நீங்கள் பழக்கி எடுத்த சிஸ்டரை சுழற்சி முறையில் வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். நர்சிங் கண்காணிப்பாளரோடு முன்பே உட்கார்ந்து, ஒரே நேரத்தில் கால் பங்குக்கு மேல் மாற்றுவதில்லை, புதியவர் வந்து பழைய சிஸ்டரோடு இரண்டு வாரம் சேர்ந்து பார்த்த பிறகே பழையவர் போவார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கால் மணி நேர வகுப்பு, ஒரு நாளைக்கு ஒரே விஷயம். ரவுண்ட்ஸில் சிஸ்டரை முதலில் பேசவிடுங்கள். இரவு முழுக்க நோயாளியோடு இருந்தவருக்குத் தெரிந்தது கேஸ் ஷீட்டில் பாதிதான் இருக்கும்.

வேதாரண்யம்காரர் நீங்கள், அதனால் இந்தப் பகுதி உங்களுக்கு. காவிரித் தண்ணீர் கடைமடைக்குக் கடைசியாகப் போய்ச் சேருவது போலத்தான் தீவிர சிகிச்சையும் போய்ச் சேருகிறது. அங்கிருந்து திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பி டைப் சிலிண்டரில் 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 150 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரம். அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காயும், ரயில்வே கேட் அடைத்திருக்கும், மழையில் வண்டி நிதானமாகத்தான் போகும். கையிருப்பும் பயண நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக நிற்கின்றன. அதிலும் சிலிண்டர் நிறைந்திருந்தால்தான் அந்த 150. முள் பாதியில் நின்றால் 75 நிமிடம்தான். தேவைப்படும் நிமிடத்தைப் போல இரண்டு மடங்கு ஏற்றாமல் வண்டி நகரக்கூடாது. கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக் நோயாளியின் தலைமாட்டில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல. ட்யூப் எந்த அளவில், எத்தனை சென்டிமீட்டரில் கட்டியிருக்கிறது என்பதைப் பிளாஸ்திரியிலேயே பேனாவால் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் தஞ்சாவூருக்கு அனுப்ப வேண்டிய நிலை இப்போது இல்லை. திருவாரூர் மருத்துவக் கல்லூரி 2010 முதல் இருக்கிறது, நாகப்பட்டினம் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மயிலாடுதுறை 2020ல் தனி மாவட்டமானது, அங்கே இன்னும் கல்லூரி இல்லை. எந்த ஊர் நோயாளி எந்த நோய்க்கு எங்கே போக வேண்டும், அங்கே இந்த நிமிடம் வென்டிலேட்டர் காலியா என்பதைச் சொல்ல ஒரு தொலைபேசி எண் வேண்டும். அதை எடுப்பவர் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும். பெட் இல்லை என்று இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பப்பட்டு மூன்றாவது இடத்தில் இறக்கப்படும் நோயாளிக்கு, நாம் எவ்வளவு படித்திருந்தும் பயனில்லை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கூட்டம், கடற்கரைச் சாலை விபத்துகள், 2028ல் கும்பகோணத்தில் மகாமகம் — இவற்றின் தேதி முன்பே தெரியும். அந்த நாட்களுக்கு டியூட்டிப் பட்டியலும் இரத்த இருப்பும் ஒரு மாதம் முன்பே தயாராக வேண்டும்.

புயல் தேதி சொல்லிக்கொண்டு வராது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரை கடந்த பிறகு நாகை, திருவாரூர், தஞ்சைப் பகுதிகளில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே ஜெனரேட்டரை ஐசியூவின் முழுச் சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். சும்மா ஸ்டார்ட் செய்து அணைப்பது சோதனை ஆகாது. 72 மணி நேரத்துக்கு டீசல், ஒவ்வொரு வென்டிலேட்டரின் பேட்டரியும் உண்மையில் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்ற பட்டியல், எந்த ஷிஃப்டில் யார் யாருக்கு ஆம்பு அழுத்துவது என்ற ஒதுக்கீடு எல்லாம் சுவரில் இருக்க வேண்டும். ஆக்சிஜனையும் அதே நேரத்தில் கணக்கிடுங்கள். ஒரு லிட்டர் திரவ ஆக்சிஜன் ஏறக்குறைய 860 லிட்டர் வாயு. ஆக்சிஜனை வேகமாகச் செலுத்தும் ஹை ஃப்ளோ மெஷின் ஒன்று நிமிடத்துக்கு 60 லிட்டரில் ஓடினால் மணிக்கு 3,600 லிட்டர். 7,000 லிட்டர் பெரிய சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூட வராது. லாரி வரும் சாலையில் மரம் விழுந்தால் எத்தனை நாள் தாங்குவோம் என்ற விடை தலைவரின் வாயில் இருக்க வேண்டும்.

கருவி வாங்கும் கமிட்டியில் உட்காரும்போது மெஷினின் விலையைவிட, ஃப்ளோ சென்சரும் ஆக்சிஜன் செல்லும் என்ன விலை, பழுது பார்ப்பவர் திருச்சியிலிருந்து வருவாரா சென்னையிலிருந்தா என்பதைக் கேளுங்கள். ஒரு சிறு சென்சர் இல்லாமல் நல்ல மெஷின் மூலையில் துணி போர்த்தி நிற்பதை எந்த மாவட்டத்திலும் பார்க்கலாம்.

தொற்றைப் பற்றிப் பேசும்போது எண்ணோடு பேச வேண்டும். ஒரு மாதத்தில் எல்லா நோயாளிகளும் சேர்ந்து வென்டிலேட்டரில் இருந்த நாட்கள் 180, அதில் புதிதாக வந்த நிமோனியா 3 என்றால், ஆயிரம் நாளுக்கு 16.7. இந்த எண்ணைத் தினம் ஐந்து நிமிடம் செலவழித்து ஒரு நோட்டில் குறித்தாலே எடுத்துவிடலாம். குறிக்காத ஐசியூவில் எங்களிடம் தொற்றே இல்லை என்பார்கள். தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் உயர்ந்திருக்கிறதா, ட்யூப் பலூன் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்துக்குள் இருக்கிறதா, ஒவ்வொரு பெட்டின் காலடியிலும் கை தேய்க்கும் திரவம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய டாக்டர் கை கழுவாமல் நோயாளியைத் தொட்டால் சிஸ்டர் நிறுத்தலாம் என்ற அனுமதியை எல்லார் முன்னாலும் நீங்களே கொடுக்க வேண்டும். கடைசி ஆயுதமான கொலிஸ்டின் ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காத கிருமி ஒருமுறை வார்டில் குடியேறிவிட்டால் வெளியேற்றுவது மிகக் கடினம்.

இறப்புக் கூட்டத்தை மாதம் ஒருமுறை விடாமல் நடத்துங்கள். யார் தவறு என்று கேட்டால் அடுத்த மாதம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எந்த நேரத்தில் எந்தத் தகவல் யாரிடம் போகாமல் நின்றது என்று கேட்டால் திருத்த ஒரு இடம் கிடைக்கும். இறப்பு விகிதத்தை வேறு மருத்துவமனையோடு ஒப்பிடும்போது அபாச்சி போன்ற தீவிர அளவெண்ணோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும். கைவிட்ட நோயாளிகளைக் கடைசி நேரத்தில் வாங்கிக்கொள்ளும் அரசு மருத்துவமனையின் வெறும் எண்ணிக்கை எப்போதும் மோசமாகத்தான் தெரியும்.

குடும்பத்தாரோடு பேசுவதை ஜூனியரிடம் தள்ளிவிடாதீர்கள். நம் பக்கம் ஒரு நோயாளிக்குப் பின்னால் வேன் நிறைய உறவு வரும். மாமா ஒன்று கேட்பார், பெரியப்பா ஒன்று கேட்பார், ஊர்த் தலைவர் போனில் கேட்பார். முடிவெடுக்கும் ஒருவரையும் கூட இருக்கும் ஒருவரையும் அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, தினம் ஒரே நேரத்தில், உட்கார வைத்துப் பேச வேண்டும். "அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு கிட்னி ரெண்டும் இப்ப வேலை செய்யல. மூச்சு மெஷின்தான் விடுது. இன்னிக்கு டயாலிசிஸ் போடுறோம். ரெண்டு நாள்ல யூரின் வருதான்னு பாக்கணும். வரலேன்னா அடுத்து என்னங்கறதை நாளைக்கு இதே நேரம் பேசுவோம்." இந்த அளவுக்கு நேராகச் சொன்னால் போதும். எல்லாம் ஆண்டவன் கையில் என்பது ஆறுதல் மாதிரித் தோன்றும், ஆனால் காணியை விற்றுப் பணம் புரட்டலாமா என்று தவித்து நிற்பவருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை. செலவு எவ்வளவு, காப்பீட்டுத் திட்டம் எதற்கு வரும், எதற்கு வராது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவது நேர்மை.

பயனில்லாத சிகிச்சையை நிறுத்தும் சட்ட வழியை மூத்தவர் முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2018ல் வகுத்து 2023 ஜனவரியில் எளிமையாக்கிய முறை இது: சிகிச்சை தரும் மருத்துவரும் ஐந்தாண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும் முதல் குழு, அவர்களில் யாரும் இல்லாத இரு நிபுணர்களும் மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு மருத்துவரும் இரண்டாம் குழு, ஒவ்வொன்றும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும், குடும்பத்தின் சம்மதம் வேண்டும், நிறுத்துவதற்கு முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். இதைச் செய்ய யாரும் முன்வராததால்தான், சொந்த விருப்பத்தில் கூட்டிப்போகிறோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, வலிக்கு ஒரு மருந்தும் இல்லாமல், வழியிலேயே மூச்சு முட்டி இறக்க அனுப்புகிறார்கள். மார்பின் இருப்பும், கடைசி மணி நேரங்களில் குடும்பம் பக்கத்தில் உட்கார ஒரு திரையும் இருக்கும் ஐசியூவை உங்களால் உருவாக்க முடியும்.

மூளைச்சாவு வேறு விஷயம், இரண்டையும் குழப்பக்கூடாது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதனை. அதற்கு முன் உடல் வெப்பம், சோடியம், தூக்க மருந்துகளின் தாக்கம், மேலே சொன்ன கட்டு விரியன் விஷம் எல்லாவற்றையும் விலக்கியிருக்க வேண்டும். உறுப்பு தானம் பற்றிப் பேசுவது இரண்டாம் சோதனைக்குப் பிறகு, சிகிச்சை செய்த மருத்துவர் அல்லாத ஒருங்கிணைப்பாளர் வழியாக. முந்திக்கொண்டு பேசினால் அந்தக் குடும்பத்தோடு அந்த ஊரே நம்மை நம்பாது.

பதவி ஏணி பற்றிச் சுருக்கமாக: அரசில் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர், துறைத் தலைவர், பிறகு கண்காணிப்பாளர், டீன் என்று போகும். மேலே போகப் போகப் படுக்கையருகே நிற்கும் நேரம் குறையும். வாரத்தில் இரண்டு நாளாவது ரவுண்ட்ஸைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐசியூவை மறந்த நிர்வாகி போடும் உத்தரவு அங்கே நிற்காது.

கடைசியாக, எந்த மருத்துவமனையில் சேரும் முன்பும், தஞ்சாவூரோ கும்பகோணமோ, ஓர் இரவு ஒரு மணிக்குப் போய் அந்த ஐசியூவைப் பாருங்கள். எத்தனை சிஸ்டர், எத்தனை வென்டிலேட்டர், மாற்று சிலிண்டர் எங்கே, ஆம்பு பேக் எத்தனை, டியூட்டி டாக்டர் உள்ளே இருக்கிறாரா மாடியில் தூங்குகிறாரா என்று எண்ணிக்கொள்ளுங்கள். நிர்வாகத்தோடு பேசும்போது சம்பளத்துக்கு முன் இன்னொன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: ஐசியூவுக்குள் வந்த நோயாளியின் சிகிச்சையில் கடைசி வார்த்தை யாருடையது? ஒவ்வொரு சர்ஜனும் தன் நோயாளிக்குத் தானே ஆன்டிபயாட்டிக் எழுதிவிட்டுப் போகும் திறந்த ஐசியூவில், தொற்றுக் கணக்கும் மூச்சளவும் உங்கள் பெயரில் இருக்கும், முடிவு உங்கள் கையில் இருக்காது. சேர்ப்பது, வெளியே மாற்றுவது, மருந்து மாற்றுவது மூன்றும் ஐசியூ மருத்துவரின் பொறுப்பு, சர்ஜனோடு தினமும் சேர்ந்து ரவுண்ட்ஸ் என்று வேலைக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். எழுதித்தர மறுத்தால் அங்கே ஜூனியராக இருந்து கற்றுக்கொள்ளலாம், பொறுப்பை மட்டும் ஏற்காதீர்கள்.